ஃபியட் 500-இல் 126-இன் 652 சிசி எஞ்சின்: இறக்குவது முதல் ஓட்டுவது வரை

பழைய ஃபியட் 500 வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் ஃபியட் 126-இன் பெரிய எஞ்சினை அதில் மாட்டும் ஆசை வந்தே தீரும். ஊருக்குள் ஓட்டும்வரை 18 குதிரைத்திறன் போதும். மேடு ஏறும்போது பின்னால் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால்தான் அது போதாது என்று தெரியும். நம் ஊரில் ஃபியட் என்றதும் பிரீமியர் பத்மினிதான் நினைவுக்கு வரும். அதற்கு எஞ்சின் முன்னால், குளிர்விக்கத் தண்ணீர். இது முற்றிலும் வேறு ரகம். 1957-இல் டூரினில் வெளிவந்த, டான்டே ஜியாகோசா வடிவமைத்த இந்தக் குட்டி வண்டிக்கு எஞ்சின் பின்னால், இரண்டே சிலிண்டர், குளிர்விக்க வெறும் காற்று.

அந்தக் காற்றுதான் இந்த வேலை முழுவதையும் தீர்மானிக்கிறது. எஞ்சினைப் பொருத்துவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகிய யாரும் செய்துவிடலாம். ஆனால் சிலிண்டரைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்று கவனிக்காமல் மாட்டிய பெரிய எஞ்சின் சீக்கிரமே சூடேறி, இழுவை குறைந்து, கடைசியில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டுப் போகும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் குதிரைத்திறனைவிடத் தகரத்தையும் ரப்பரையும் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

எந்த எஞ்சின்

முதலில் வந்த 500-இல் 479 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். 1960-இல் வந்த 500 டி-யில் அது 499.5 சிசி ஆனது. 1965-இன் 500 எஃப் 18 குதிரைத்திறன் தந்தது. உச்ச வேகம் மணிக்கு 95 கி.மீ. பிறகு 1972-இல் ஃபியட் 126 வந்தது. அதன் முதல் எஞ்சின் 594 சிசி, 23 குதிரைத்திறன். 1977-இல் அதையே 652 சிசி ஆக்கினார்கள், 24 குதிரைத்திறன்.

இவை எல்லாம் ஒரே குடும்பம். நான்கிலும் பிஸ்டனின் ஓட்டம் 70 மி.மீ. மாறியது சிலிண்டரின் உள்விட்டமான போர் மட்டும்: 66, 67.4, 73.5, 77 மி.மீ. அதனால் 126-இன் எஞ்சின் 500-இன் கியர்பாக்ஸில் நேராக வந்து உட்காரும். எடையும் பெரிதாகக் கூடாது. பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சின் தொங்குகிற வண்டியில் இது முக்கியம். வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே தள்ளப் பார்க்கும்; அங்கே எடையைக் கூட்டினால் அந்தக் குணம் இன்னும் மோசமாகும்.

வேறு வழிகளும் உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டைர்-புக் நிறுவனம் இதே உடலில் தன் சொந்த பாக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்) எஞ்சினை வைத்து விற்றது. அருமையான எஞ்சின், ஆனால் இன்று கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். ஃபியட்டுகளை வேகமாக்கிக் கொடுத்த அபார்த் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த 595-உம் அடுத்த ஆண்டு வந்த 695-உம் எல்லோரும் கனவு காணும் வண்டிகள். 695-இன் கொள்ளளவு வரக் கிராங்கின் ஓட்டத்தையே 76 மி.மீ. ஆக்கினார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது வெட்டி ஒட்டுகிற வேலை, பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. 126 பிஸ் என்ற பிந்தைய வகையின் 704 சிசி எஞ்சின் கையில் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். அது தண்ணீரில் குளிர்வது, படுத்த நிலையில் இருப்பது. 500-இல் ரேடியேட்டர் வைக்க இடம் தேடுவதற்குள் பொறுமை போய்விடும்.

என் தேர்வு 652 சிசிதான். 500 எஃப்-ஐவிடக் கொள்ளளவு 30 சதவீதம் அதிகம், திறன் மூன்றில் ஒரு பங்கு அதிகம். போலந்தில் 126-ஐ 1973 முதல் 2000 வரை தயாரித்தார்கள். அங்கே மட்டும் 30 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. அதனால் எஞ்சினும் கிடைக்கும், உதிரி பாகமும் கிடைக்கும்.

652-இன் சிலிண்டர்களை மட்டும் வாங்கி உங்கள் பழைய 500 எஞ்சினில் செருகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 500-இன் கிராங்க்கேஸில் அந்தத் துளை சிறியது. லேத்தில் கொடுத்துப் பெரிதாக்காமல் உள்ளே போகாது. முழு எஞ்சினாக வாங்குவதே லாபம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். 126 ஏ.000 என்றிருந்தால் 594 சிசி, 126 ஏ1.000 என்றிருந்தால் 652 சிசி. 500 எஃப்-இன் எஞ்சினில் 110 எஃப்.000 என்று இருக்கும். துடைத்துவிட்டு உங்கள் கண்ணாலேயே படித்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு கம்ப்ரெஷன் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் கொஞ்சம் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இந்த எஞ்சினின் கிராங்கைத் தாங்குவது இரண்டே மெயின் பேரிங். அவை தேய்ந்தால் சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கும். ஓட்டிப் பார்க்க வழி இருந்தால் ஆயில் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் யாருக்கும் நல்ல பிரஷர்தான் காட்டும்.

ஹெட்டில் வால்வு சீட்டுக்கும் பிளக் துளைக்கும் நடுவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஹெட் ஸ்டட்கள் அலுமினியத்தில் மரை போய் ஆடுகின்றனவா என்பதையும் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், “ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்” என்று விற்பவர் சத்தியம் செய்தாலும், மாட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து ரிங்கு, ஆயில் சீல், புஷ்ராட் குழாய்களின் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. எஞ்சின் தரையில் இருக்கும்போது இது ஒரு நாள் வேலை. வண்டியில் ஏறிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

திறந்தவுடன் கிராங்க் புல்லியின் மூடியைக் கட்டாயம் கழற்றுங்கள். இதில் காகித ஃபில்டர் கிடையாது. புல்லிக்குள்ளேயே ஆயில் சுழன்று, அழுக்கு விளிம்பில் ஒதுங்கும்படி செய்திருக்கிறார்கள். பல ஆண்டு திறக்காத எஞ்சினில் உள்ளே வண்டிமை போலக் கறுப்பாகக் கெட்டியான படிவு ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு மூடுங்கள்.

முதலில் பிரேக், பிறகு காகிதம்

500-க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி முழுவதும் உள்ளே போய்விடும். 18 குதிரைத்திறனுக்கே அது குறைவு என்பது என் எண்ணம். ஆகவே வேலையை இங்கே தொடங்குங்கள்: வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிது. டிரம்மின் உள்முகம் வட்டமாக இருக்கிறதா என்று லேத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிட்டும் விற்கிறார்கள். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

டயரின் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயர் தேயாமலேயே கிழண்டு போகிறது. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னையும், பின்னால் டிரைவ்ஷாஃப்ட் சக்கரத்தோடு சேரும் ரப்பர் கப்ளிங்கையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கூடுதல் இழுவை வந்ததும் முதலில் கிழிவது அந்த ரப்பர்தான்.

காகித வேலையும் இப்போதே. இத்தாலியில் வேறு வகை எஞ்சின் வைத்தால் மோட்டாரிஸ்ஸாட்சியோனே என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பதிவைத் திருத்த வேண்டும். பிரிட்டனில் எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறியதை வாகனப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெர்மனியில் டியூஃப் போன்ற பரிசோதனை மையம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். சொல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் பணம் கிடைப்பது சந்தேகம்.

பழைய எஞ்சினை இறக்குவது

பேட்டரியின் இணைப்பை முதலில் எடுங்கள். பேட்டரி முன்பக்கம், ஸ்டார்ட்டர் பின்பக்கம். நடுவில் நீளமான ஒயர். ஒரு ஸ்பேனர் தவறி உரசினால் நெருப்புப் பொறி பறக்கும்.

எஞ்சின் மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். நம்பர் பிளேட் விளக்கின் ஒயரை மறக்காமல் பிரியுங்கள். இனி எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள், ஒயருக்கு ஒட்டு டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கழற்ற வேண்டியவை: ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்டார்ட்டரின் இழுப்புக் கேபிளும் தடித்த ஒயரும், டைனமோவின் ஒயர்கள், காயிலிலிருந்து வரும் ஒயர்கள், ஆயில் ஸ்விட்ச் ஒயர், பெட்ரோல் ஹோஸ், காற்று உள்ளே வரும் ரப்பர் குழாய், வண்டிக்குள் வெப்பம் போகும் குழாய். பெட்ரோல் ஹோஸைக் கழற்றியதும் அதன் வாயை ஒரு போல்ட்டால் அடையுங்கள். டாங்க் முன்னால் இருந்தாலும் குழாயில் இருப்பது வடியும்.

வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக்கி, எஞ்சினுக்கு அடியில் சக்கரம் வைத்த ஜாக்கி அல்லது பலகை. பிறகு ஓரத் தகரங்களையும் ரப்பர் பட்டைகளையும் எடுங்கள். எஞ்சினின் பின்முனையை ஒரு ஸ்பிரிங்கோடு தாங்கி நிற்பது உடலில் போல்ட் போட்ட குறுக்குச் சட்டம். அந்த ஸ்பிரிங்கையும் சட்டத்தையும் கழற்றினால் பின்பக்கம் முழுவதும் திறந்துவிடும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிணைக்கும் நட்டுகளை எடுத்துவிட்டு, எஞ்சினை நேராகப் பின்னால் இழுங்கள்.

நேராக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் இருக்கிறது. அது முழுவதும் வெளியே வரும்வரை எஞ்சின் தாழக்கூடாது. தாழ்ந்தால் அதன் பாரம் முழுவதும் பிளேட்டின் மேல் விழுந்து பிளேட் கோணிவிடும். ஷாஃப்ட் விலகியதும் இரண்டு பேர் சேர்ந்து இறக்கிவிடலாம்.

மேசையின் மேல் இரண்டு எஞ்சின்கள்

இப்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த அரை நாள்தான் பின்னால் வரும் சிரமத்தையெல்லாம் மிச்சப்படுத்துகிறது.

கிராங்கின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் தொடங்குங்கள். விட்டம், பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள், கிளட்ச் உட்காரும் முகம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஸ்டார்ட்டர் கியர்பாக்ஸோடு வண்டியிலேயே இருப்பதால் அதன் பல்லும் ஃப்ளைவீலின் பல்லும் ஒத்துப் போக வேண்டும். கிளட்ச்சில் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்: பிளேட்டின் நடுத்துளை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் தாராளமாகச் சறுக்க வேண்டும், பிரஷர் பிளேட் ஃப்ளைவீலில் உட்கார வேண்டும், ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 500-இல் கார்பன் பேரிங். 126-இன் டயஃப்ராம் கிளட்ச்சுக்கு உருளும் பேரிங். இரண்டையும் கலந்து மாட்டினால் கொஞ்ச நாளில் கீச்சிடும். முழுத் தொகுப்பாக ஒரே வகையை வாங்குவது நல்லது. பிளேட்டை மட்டும் கையில் எடுத்து ஷாஃப்ட்டில் செருகிப் பார்த்துவிட்டு மற்றதைப் பூட்டுங்கள்.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் அடுத்தது. 500-க்குத் தகர சம்ப். 126-க்கு விலா போட்ட அலுமினிய சம்ப். ஆயிலும் அதிகம் பிடிக்கும், ஆயிலின் சூட்டையும் வெளியே தள்ளும். காற்றில் குளிரும் எஞ்சினுக்குக் குளிர்ச்சியில் ஒரு நல்ல பங்கு ஆயிலிலிருந்து கிடைக்கிறது. ஆகவே அலுமினிய சம்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது அகலம். பழைய 500-இன் சைலன்சர் அதன் அருகே இடிக்கும். சைலன்சர் வாங்கும்போது 126 சம்ப்புக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பின் குறுக்குச் சட்டத்துக்கும் சம்ப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் இப்போதே அளந்து வையுங்கள். எஞ்சின் ஸ்பிரிங்கின் மேல் ஆடும். விரல் நுழையும் இடம் எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும்.

காற்று

500-இல் காற்று வரும் வழி இது. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளவுகள் வழியாகக் காற்று உள்ளே இறங்கி, ரப்பர் குழாய் வழியாக விசிறி உறைக்குள் போகிறது. விசிறி டைனமோவின் ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது. கிராங்க் புல்லியிலிருந்து வரும் ஒற்றை பெல்ட் இரண்டையும் சுழற்றுகிறது. விசிறி தள்ளும் காற்று தகர உறைக்குள் அடைபட்டு, சிலிண்டர்களின் விலாக்களுக்கு நடுவிலும் ஹெட்டின் மேலும் புகுந்து, தெர்மோஸ்டாட் திறக்கும் ஒரு மடல் வழியாக வெளியே போகிறது. குளிர்ந்திருக்கும்போது மடல் மூடியிருக்கும். சூடேற ஏறத் திறக்கும்.

126-இன் உடலில் காற்றுப் பாதை வேறு. அதனால் அதன் உறையை அப்படியே 500-இல் மாட்டினால் குழாய் சரியாக இணையாது, ஏர் ஃபில்டரும் மூடியில் இடிக்கும். உங்கள் பழைய எஞ்சினின் விசிறி உறையையும் டைனமோவையும் ஃபில்டர் பெட்டியையும் கழற்றி புதிய எஞ்சினில் மாட்டுவதே பலரும் பின்பற்றும் வழி. பெரிய சிலிண்டரும் ஹெட்டும் வருவதால் சில இடங்களில் தகரத்தைக் கொஞ்சம் வளைக்கவும் ராவவும் நேரும். போல்ட்டை முழுவதும் முறுக்காமல் முதலில் சும்மா வைத்துப் பாருங்கள்.

வைத்ததும் உறைக்குள் ஒரு விளக்கைப் போட்டு, அறையை இருட்டாக்கி வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற ஒவ்வொரு இடத்திலும் காற்று கசியும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சுலப வழியில் ஓடிவிடும். நெருக்கமான விலாக்களுக்குள் நுழையாது. வெப்பம் அதிகம் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம்தான் அப்போது முதலில் பட்டினி கிடக்கும். சூடு தாங்கும் பட்டை அல்லது புதுத் தகரத் துண்டு வைத்து மூடுங்கள். மாட்டுவதற்கு முன் விலாக்களுக்குள் இருக்கும் ஆயிலும் தூசியும் கலந்த அடைசலைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். வெளியே பளபளப்பாகப் பெயின்ட் அடித்த எஞ்சினிலும் உள்விலாக்கள் அடைந்திருக்கும். விலாக்களின் மேல் தடித்த பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் மடலைப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், அல்லது கம்பி போட்டுத் திறந்தே கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் சூடேற வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் தேய்மானம் கூடும், ஆயிலில் நீர் சேரும். தெர்மோஸ்டாட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் போட்டு அது நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் புதிது வாங்குங்கள்.

பெல்ட்டை இறுக்க டைனமோவை நகர்த்த முடியாது. டைனமோ புல்லி இரண்டு பாதியாகப் பிரியும். நடுவில் மெல்லிய வட்டத் தகடுகள் இருக்கும். ஒரு தகட்டை எடுத்தால் பாதிகள் நெருங்கி பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த தகட்டைத் தூக்கி எறியாமல் வெளிப்பக்கத்தில் அதே நட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். அடுத்த புது பெல்ட்டுக்கு அது வேண்டும். பெல்ட் அறுந்தால் இந்த வண்டியில் சார்ஜ் மட்டும் போவதில்லை, குளிர்ச்சியும் போகிறது. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்ட வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு மாற்று பெல்ட் இருக்கட்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. வண்டிக்குள் வரும் ஹீட்டர் காற்று, இதே சிலிண்டர்களைத் தடவி வந்த காற்று. ஹெட் கேஸ்கெட்டோ எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டோ கசிந்தால் அந்தப் புகை காற்றோடு சேர்ந்து உள்ளே வரலாம். எக்ஸாஸ்ட் இணைப்புகளில் பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள்.

ஏற்றுவது

கிளட்ச் பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தப் பழைய ஷாஃப்ட் துண்டோ மரத்தில் கடைந்த ஒரு குச்சியோ போதும். கியரில் போட்டுவிட்டு எஞ்சினை நேராக முன்னால் தள்ளுங்கள். கடைசிக் கொஞ்ச தூரம் போகாவிட்டால் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் எஞ்சின் தானாக உள்ளே சறுக்கும். நட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். அலுமினிய காது உடைந்துவிடும்.

பிறகு குறுக்குச் சட்டம், ஸ்பிரிங். எஞ்சின் தன் எடையில் இயல்பாக உட்கார்ந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள். காற்றுக் குழாய் சேருமிடம் கண்ணுக்குத் தெரியாது. கையை உள்ளே விட்டு ரப்பரின் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து உடலுக்கு வரும் எர்த் பட்டையைச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதாக, இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையில் இருக்கட்டும். இரண்டு முனையிலும் கிளிப். பின்னால் எஞ்சின் இருக்கும் வண்டியில் தீப்பிடித்தால் ஓட்டுபவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். பெட்ரோல் பம்ப்புக்கு அடியில் இருக்கும் தடித்த சூடுதடுப்புத் துண்டை விட்டுவிடக்கூடாது. அதன் தடிமன் மாறினால் பம்ப்பைத் தள்ளும் கம்பியின் ஓட்டமும் மாறும்.

கார்பரேட்டர் 126-இன் வெபர் 28 ஐஎம்பி-யே இருக்கட்டும். 500-இன் 26 ஐஎம்பி இந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 126-இன் ஆல்டர்னேட்டரை வைக்க விரும்பினால் பழைய டைனமோ ரெகுலேட்டரை மின்சுற்றிலிருந்து நீக்கி, சார்ஜ் விளக்கின் ஒயரை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரவில் அதிகம் ஓட்டாதவருக்கு டைனமோவே போதும்.

முதல் ஸ்டார்ட்

வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் உள்ள டேப்பட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். இங்கே 126-இன் அளவுதான்: இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. 500-இன் 0.15-ஐப் பழக்கத்தில் வைத்துவிடாதீர்கள். இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இரண்டாவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் சற்றே திறந்து மாறுகிற நிலையில் முதலாவதை அமையுங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மற்றதை. இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியில், டெஸ்ட் பல்ப் வைத்துப் பாயின்ட் திறக்கும் கணத்தைப் பார்த்து வைக்கலாம்.

ஆயிலை ஊற்றி, பிளக் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு இழுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் ஒருவர் உள்ளே விளக்கைப் பார்க்கட்டும், ஒருவர் பின்னால் பெட்ரோல் ஹோஸையும் புஷ்ராட் குழாய்களின் அடியையும் பார்க்கட்டும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். முழுவதும் சூடேறி மடல் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அணையுங்கள். அடுத்த நாள், நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஹெட் நட்டுகளை 126 கையேட்டின் வரிசையிலும் அளவிலும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். டேப்பட்டையும் மறுபடி அளங்கள்.

ஓட்டம், கியர்

முதல் சில நூறு கிலோமீட்டர் எஞ்சினை முக்கவும் விடாதீர்கள், அலறவும் விடாதீர்கள். டாப் கியரில் மெதுவாக மேடேற்றுவது புது ரிங்குக்கும் குளிர்ச்சிக்கும் ஒருசேரக் கெடுதல். விசிறி எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. ஒரு கியர் இறக்கினால் காற்று கூடும். 500 கி.மீ.-க்குள் முதல் ஆயிலை மாற்றுங்கள். நல்ல ஓட்டம் ஒன்றுக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றியவர்கள் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்க்க வேண்டி வரலாம்.

கூடிய இழுவை கியர்பாக்ஸில்தான் அதிகம் தெரியும். 500-இன் கியர்பாக்ஸில் சின்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் அமைப்பு) கிடையாது, அதன் கடைசி விகிதம் 8/41. 126-இல் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு சின்க்ரோமெஷ் உண்டு, விகிதம் 8/39. அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 5 சதவீதம் குறைவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். ஆனால் 126 பாக்ஸை மாட்ட முன் மவுண்டும் டிரைவ்ஷாஃப்ட்டும் கூடவே மாறும், செலவு கிட்டத்தட்ட எஞ்சின் அளவுக்கு வரும். முதல் பருவத்தைப் பழைய பாக்ஸிலேயே ஓட்டுங்கள். இரட்டை கிளட்ச் அழுத்தி மாற்றுவது பிடிபட்டுவிட்டால் பலர் அதை விட்டுக் கொடுப்பதே இல்லை.

கழற்றிய பழைய 110 எஃப் எஞ்சினை யார் கேட்டாலும் விற்க வேண்டாம். சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கைப் பூட்டி, எக்ஸாஸ்ட் வாய்களையும் கார்பரேட்டர் இடத்தையும் மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் தருகிறவர்கள் அசல் வகை எஞ்சினைத்தான் தேடுவார்கள். மேலே சொன்னபடி உடலில் ஒரு துளையும் போடாமல் செய்திருந்தால், அதைத் திரும்ப ஏற்றுவது ஒரு வார இறுதி வேலைதான்.